மூச்சு முந்தும், முழங்கால் பிந்தும்: நடுவயதில் சைக்கிளுக்குத் திரும்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிக்கும் கல்லூரிக்கும் சைக்கிளில் போய்வந்து, வேலை கிடைத்ததும் பைக்குக்கு மாறி, நாற்பதைக் கடந்தபின் சர்க்கரை அளவோ இடுப்புச் சுற்றளவோ எச்சரித்ததும் ஒரு கியர் சைக்கிள் வாங்குகிறவர்களை இன்று தமிழ்நாட்டின் எல்லா நகரங்களிலும் பார்க்கலாம். சில மாதங்களில் அந்தச் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து நிற்பதையும் பார்க்கலாம். அதைச் சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் விட்டவர்களைக் கேட்டால் முழங்கால் வலி, இடுப்பு வலி, கழுத்து வலி என்றே பெரும்பாலும் பதில் வருகிறது. உடலின் ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு வேகத்தில் பழகுகிறது என்பதைக் கணக்கில் எடுக்காததால் வரும் வலிகள் அவை.

தொடர்ந்து ஓட்டத் தொடங்கிய ஓரிரு வாரங்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவின் அளவு கூடுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்பைவிட அதிக இரத்தத்தைத் தள்ளுகிறது. தசைகளுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்களும், செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருகுவது அடுத்துவரும் வாரங்களில் நடக்கிறது. முதல் வாரத்தில் இரைக்க இரைக்க ஏறிய அதே மேம்பாலத்தில் ஒரு மாதம் கழித்துப் பேசிக்கொண்டே ஏற முடிவது இதனால்தான். ஆனால் தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அவை உறுதிப்படப் பல மாதங்கள் பிடிக்கும். ஆறாவது வாரத்தில் மூச்சு இன்னும் போகலாம் என்கிறது, முழங்கால் சிப்பிக்குக் கீழுள்ள நாணோ அதற்குத் தயாராக இல்லை. அது உடனே வலித்துக் காட்டுவதும் கிடையாது. மறுநாள் காலை படி இறங்கும்போதுதான் தெரியவருகிறது.

ஆகவே முதல் தவறு, மூச்சை நம்பித் தூரத்தைக் கூட்டுவது. 15 கிலோமீட்டர் சுலபமாகிவிட்டது என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமையே 40 கிலோமீட்டர் போவது நடுவயதுக்காரர்களின் வழக்கமான விபரீதம். கிலோமீட்டரை மறந்து நேரத்தைக் கணக்கிடுவது நல்லது: வாரத்தில் மூன்று நாள், அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை, பிறகு வாரத்துக்குப் பத்து சதவீதம் அளவில் உயர்த்தி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை வேண்டுமென்றே குறைத்துக்கொள்ளலாம். பத்து சதவீதம் என்பது அறிவியல் விதியன்று, அவசரக்காரர்களுக்கான கடிவாளம் மட்டுமே. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய, பிஆர்எம் எனப்படும் நெடுந்தூர சைக்கிள் பயணங்களில் நண்பர்கள் வாங்கும் பதக்கங்கள் ஆசையைத் தூண்டத்தான் செய்யும். அதை முதல் ஆண்டின் இறுதிக்குத் தள்ளிவைப்பதில் நட்டம் ஒன்றும் இல்லை.

அடுத்தது சீட்டின் உயரம். என் பார்வையில் மற்ற எல்லாத் தவறுகளையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. நம்மில் பலர் அப்பாவின் பெரிய சைக்கிளில் குரங்கு பெடல் போட்டுக் கற்றுக்கொண்டவர்கள். பிறகு சீட்டில் உட்கார்ந்தபோது, நிறுத்தினால் இரண்டு பாதங்களும் தரையில் படிய வேண்டும் என்பதே பாதுகாப்பின் இலக்கணமாக மனதில் பதிந்துவிட்டது. இருபது ஆண்டு கழித்துக் கடைக்காரர் 'உயரம் சரியா சார்?' என்று கேட்கும்போதும் காலைத் தரையில் ஊன்றிப் பார்த்துத்தான் தலையாட்டுகிறோம். அந்த உயரத்தில் ஒவ்வொரு மிதிப்பிலும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கியே இருக்கிறது. சிப்பி தொடையெலும்பின் மீது அழுந்துகிறது. ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் நான்காயிரம் முறைக்கு மேல் மிதிக்கக்கூடும் என்பதை நினைத்தால், சிறு பிசகும் ஏன் பெரிய வலியாகிறது என்பது விளங்கும்.

சரிபார்க்கும் முறை எளிது. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலின் மேல் வைத்து, பெடலைக் கீழ்க்கோடிக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது கால் முழுவதும் நேராக நீள வேண்டும். இடுப்பு ஒருபக்கம் சரியக் கூடாது. பிறகு வழக்கம்போல முன்பாதத்தால் மிதித்தால், கீழ்க்கோடியில் முழங்கால் ஏறத்தாழ 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்கும். இந்த உயரத்தில் உட்கார்ந்தபடியே இரு பாதங்களையும் தரையில் ஊன்ற முடியாது. நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழக வேண்டும். ஒரே நாளில் ஏற்றாமல் அரை சென்டிமீட்டர் அரை சென்டிமீட்டராக ஏற்றுவது நல்லது. சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டில் பொறித்திருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தவே கூடாது. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கிறதா என்றும், பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கிறதா என்றும் முதலில் பார்க்கலாம். சீட் உறுத்துகிறது என்று தடித்த மெத்தை உறை போடுவது பெரும்பாலும் உராய்வைக் கூட்டுகிறது. உட்காரும் எலும்புகளைத் தாங்கும் அளவான சீட்டும், உள்ளாடையின்றி அணியும் பேடு வைத்த ஷார்ட்ஸும் அதைவிடப் பயன் தரும்.

கியர் இல்லாத பழைய சைக்கிள் இன்னொரு பழக்கத்தையும் விட்டுச்சென்றிருக்கிறது. காலை அழுத்தி, மெதுவாக, பலமாக மிதிப்பதே ஓட்டுவது என்று உடல் நம்புகிறது. 21 கியர் உள்ள சைக்கிளிலும் பலர் ஒரே கனமான கியரில் நிமிடத்துக்கு ஐம்பது சுற்றுகளில் திணறுவார்கள். வலது முழங்கால் மேலே வருவதை 15 விநாடி எண்ணிப் பாருங்கள்: இருபது வந்தால் நிமிடத்துக்கு 80 சுற்று. தொடக்கத்தில் 75 முதல் 85 வரை வைத்துக்கொள்வது முழங்காலுக்கு நல்லது. மேம்பாலத்தின் நடுவில் செயின் இறுகியபின் கியரை மாற்றாமல், ஏற்றம் தொடங்குமுன்பே இலகுவான கியருக்கு வந்துவிட வேண்டும்.

வேகத்தில் நிகழும் தவறு வேறு வகையானது. எல்லா நாளும் ஒரே அளவில் மூச்சு வாங்கும்படி ஓட்டுவது, களைப்பைத் தரும் அளவுக்குக் கடினமாகவும், உயர்திறனை வளர்க்கப் போதாத அளவுக்கு மெதுவாகவும் அமைந்துவிடுகிறது. முதல் மூன்று மாதங்களில் பெரும்பாலான ஓட்டங்களின்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். 220 என்ற எண்ணிலிருந்து வயதைக் கழித்து உச்ச இதயத்துடிப்பைக் கணக்கிடுவோர், அது சராசரி மட்டுமே என்பதையும், தனி மனிதரிடம் பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. இரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது. பேச்சுதான் அவர்களுக்கு அளவுகோல். ஓட்டங்களைப் பதிவுசெய்து ஒப்பிட உதவும் ஸ்ட்ராவா செயலியில் இருபத்தைந்து வயது இளைஞரின் நேரத்தைத் துரத்துவதைவிட, அதே பாதையில் அதே வேகத்துக்குத் துடிப்பு குறைந்துவருகிறதா என்று பார்ப்பது உண்மையான முன்னேற்றத்தைக் காட்டும்.

சென்னையில் ஈசிஆர் சாலையில் மாமல்லபுரம் நோக்கிப் போகிறவர்கள் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் தெற்கே போகும்போது காற்று முதுகில் தள்ளும். முட்டுக்காடு தாண்டியபோதும் கால் களைத்ததாகத் தோன்றாது. திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும், வெயிலும் ஏறியிருக்கும். போகிற வழியிலேயே பாதிக்கு மேல் பலத்தைச் செலவிட்டவர் வீடு சேரப் படும் பாடு சொல்லி மாளாது. எந்தத் திசையில் காற்று எதிர்க்கிறதோ அந்தத் திசையில் முதலில் போவதே உசிதம்.

வெப்பத்துக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும் என்பதால் கோடையில் தொடங்குவோர் ஓட்டத்தைக் குறைத்தே தொடங்க வேண்டும். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறவர்களுக்கு உப்புப் போட்ட மோர் அதைவிட ஏற்றது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்கள், காலை வெறும் வயிற்றில் கிளம்புமுன் மருத்துவரிடம் பேசியே தீர வேண்டும். மிதிக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலியோ, தலைசுற்றலோ வந்தால் அன்றைய ஓட்டத்தை அங்கேயே நிறுத்தி உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும். எடை குறைப்புக்காக ஓட்டுவோருக்கு ஒரு சிறு கணக்கு: நிதானமான ஒரு மணி நேரத்தில் செலவாவது ஏறத்தாழ 400 கலோரி. குழுவாகப் போய் நெய் மிதக்கும் பொங்கலும் இரண்டு வடையும் காபியுமாக முடிக்கும் ஞாயிறுகளில் அது திரும்ப வந்து சேர்ந்துவிடும்.

சைக்கிள் உடலின் எடையைத் தானே தாங்கிக்கொள்வதால் எலும்புகளுக்கு வேண்டிய சுமை கிடைப்பதில்லை. வாரம் இரு நாள் உட்கார்ந்து எழும் பயிற்சியும் படி ஏறுவதும் சேர்ந்தால் அந்தக் குறை நீங்கும், முழங்காலுக்கும் துணையாக இருக்கும்.

மழைக்காலத்தில் இரண்டு மூன்று வாரம் சைக்கிள் எடுக்காமல் போவது இயல்பு. கூடிய பிளாஸ்மா நிறுத்திய சில நாட்களிலேயே குறையத் தொடங்கிவிடுவதால், மறுபடி ஏறும் முதல் வாரத்தில் விட்ட இடத்திலிருந்து தொடராமல் பாதி நேரத்தில் தொடங்க வேண்டும். செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு, டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள் காற்றடித்து, தூசி தட்டும்போது சீட் கீழே இறங்கியிருக்கிறதா என்றும் ஒருமுறை அளந்து பார்த்துவிட வேண்டும்.