மிளகாய்ச் செடியில் தேமல் தெரிந்தால்

பினாங்கு ஆயர் ஈத்தாமில் என் வீட்டுப் பின்கட்டில் 14 தொட்டிகளில் மிளகாய் வளர்க்கிறேன். போன தீபாவளிக்கு முன் அவற்றில் 5 செடிகளைப் பிடுங்க நேர்ந்தது. காய் பிடித்திருந்த செடிகள்; மனம் பொறுக்கவில்லை. வெள்ளரித் தேமல் வைரஸ் செய்த வேலை அது. பெயரில்தான் வெள்ளரி; மிளகாய், தக்காளி, பூசணி, வாழை என்று எதையும் விடாது.

கொழுந்தைப் பாருங்கள். இளம்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்து, இலை குறுகிச் சுருண்டிருந்தால் சந்தேகப்படுங்கள். நான் உரக்குறைவு என்று நினைத்து இரண்டு வாரம் எரு போட்டுக் காத்திருந்தேன். அதற்குள் பக்கத்துத் தொட்டிகளுக்கும் பரவிவிட்டது.

இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. முதலில் சோப்புத் தண்ணீர் தெளித்து, இலையில் சாறு உறிஞ்சும் சிறு அசுவினிப் பூச்சிகளைக் கொல்லுங்கள். இல்லையென்றால் அவை அடுத்த செடிக்கு ஏறிவிடும். பிறகு வேரோடு பிடுங்கி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். அந்தச் செடியின் விதை வேண்டவே வேண்டாம்.

பரப்புவது இந்த அசுவினிதான். நோயுற்ற இலையில் சில நொடிகள் வாய் வைத்தாலே போதும், வைரஸைச் சுமந்துகொள்ளும். பூச்சிமருந்தில் அது சாவதற்குள் அடுத்த செடிக்குக் கொடுத்துவிடும். ஆகவே அது வந்து இறங்காமல் தடுப்பதே வழி. மண்மேல் வெள்ளி நிறப் பிளாஸ்டிக் விரியுங்கள். எதிரொளிக்கும் வெளிச்சம் பறந்துவரும் அசுவினியைக் குழப்பும். வேலியோரம் முளைக்கும் கானாம்வாழைக் களையைப் பிடுங்குங்கள், வைரஸ் அதில் தங்கியிருக்கும். எறும்பு ஏறும் செடியில் அசுவினி இருக்கலாம்; தினமும் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்.