கொழும்பு கோட்டையிலயும் பெட்டாவிலயும் பொழுதுபட்டப் பிறகும் ஆக்கள் இருக்கணும்னா என்ன செய்யலாம்

டவுன திருத்துறதுனா உடனே பெயின்ட் அடிக்கிறது, தரைக்கு கல்லு பதிக்கிறதுனுதான் கதைக்கத் தொடங்குவாங்க. அத கடைசிக்கு வைங்க. முதல்ல ஒரே ஒரு தெருவ எடுத்து விடிய ஆறு மணிக்கு, பகல் ஒரு மணிக்கு, இரவு எட்டு மணிக்குனு போய் நடந்து பாருங்க, எந்த நேரத்துல தெரு வெறிச்சோடிப் போகுதோ அங்கதான் வேல இருக்கு.

கோட்டைக்கு பெரிய அடி யுத்த காலத்துல விழுந்தது. 1996 ஜனவரில மத்திய வங்கி குண்டு, அடுத்த வருஷம் உலக வர்த்தக மையம் பக்கத்துல இன்னொண்டு, பிறகு ரோட்டெல்லாம் மறிப்பு, செக்பொயின்ட். ஆக்கள் வாற பழக்கமே விட்டுப்போச்சு. யுத்தம் முடிஞ்சு ரோடு திறந்தாலும் பழக்கம் தானா திரும்பி வராது, நாமதான் வரவைக்கணும்.

மோல் இருக்கு, ஒன்லைன் இருக்கு, பிறகு எதுக்கு டவுன்னு கேப்பாங்க. பெட்டால ஒரு குறுக்குத் தெருவுக்குள்ள போனா ஒரே சாமான பத்துக் கடைல விலை கேக்கலாம், சின்ன முதலோட வாறவருக்கும் அங்க ஒரு மூலை கிடைக்கும், ஒரு கடைய நம்பி மூட்டை தூக்குற நாட்டாமி, லொறிக்காரர், ப்ளேன்டீ கடைனு எத்தனையோ குடும்பம் பிழைக்குது. செட்டியார் தெரு கதிரேசன் கோயிலும் செகண்ட் குரொஸ் ஸ்ட்ரீட் சிவப்புப் பள்ளிவாசலும் வுல்வெண்டால் சர்ச்சும் நடந்து போற தூரத்துல இருக்கு. துறைமுகம், ரயில், பஸ் மூணும் பக்கத்துலயே வேற. இத புதுசா ஒரு இடத்துல கட்டவே ஏலாது.

இனி செய்யவேண்டியதுல முக்கியமானது மேல்மாடி. பழைய கடைத்தெரு பில்டிங்ல அண்ணாந்து பாருங்க, கீழ கடை பளபளனு இருக்கும், மேல ஜன்னல் உடைஞ்சு பெட்டி அடுக்கி ஸ்டோரா கிடக்கும். கடைய பெருசாக்க ரோட்டுப் பக்கத்து படிக்கட்ட எடுத்துட்டா அந்த மாடில பிறகு யாரும் குடியிருக்க முடியாது, கடை பூட்டினா மேலயும் பூட்டுத்தான். அதனால திருத்தும்போது கடைக்குள்ள போகாம ஏறுற மாதிரி தனி வாசல், தனி படி, தண்ணி, நெருப்பு பத்தினா தப்பி இறங்க வழி, இதுக்குத்தான் முதல் காசு போகணும். மெல்பர்ன்ல 1992ல 'போஸ்ட்கோட் 3000'னு ஒரு திட்டம் தொடங்கி பழைய ஒபிஸ் பில்டிங்குகள வீடாக்க உதவினாங்க, குடியிருக்கிறவங்க கூடக் கூட இரவுக் கடைகளும் கூடிச்சு. ராத்திரி அங்க படுக்கிறவர்தான் காலைல பாண் வாங்குவார், தெருவுல லைட் எரியலனா சத்தம் போடுவார்.

புதுசா கட்டுறதுக்கு முதல் இருக்கிறத பாருங்க. ஒல்லாந்தர் கால ஆஸ்பத்திரிய திருத்தி 2011ல சாப்பாட்டுக் கடைகளுக்கு திறந்தாங்க, ஒபிஸ் விட்ட பிறகும் அங்க ஆக்கள் இருக்காங்க, ஏன்னா பக்கத்துலயே வேல செய்றவங்களும் ஹோட்டல்ல தங்குறவங்களும் இருக்காங்க. பெட்டா பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல 2014ல திறந்த மிதக்கும் சந்தை அப்பிடி நிலைக்கல. என் கணக்குல, பஸ்ஸுக்கு ஓடுறவர் நிண்டு வாங்குற மாதிரி அங்க ஒண்டும் அமையல.

பேவ்மென்ட் வியாபாரிகள விரட்டாதீங்க. கோடு போட்டு இடம் குடுங்க, ரெண்டு பேர் சேர்ந்து நடக்க வழி விடுங்க. லொறி சாமான் இறக்கிறத விடியக் காலைக்கு மாத்த கடைக்காரர்களோட கதைச்சுப் பாருங்க. பொம்பளைகள் நம்பிப் போகக்கூடிய சுத்தமான டொய்லட் ஒண்டு கட்டாயம் வேணும், இது இல்லாம குடும்பமா யாரும் பின்னேரம் நிக்க மாட்டாங்க, ஊருக்கு போற கடைசி பஸ் எத்தன மணிக்குனும் பாத்துக்கோங்க.

இதெல்லாம் கேட்டு நேரா மாநகர சபைக்கு ஓடாதீங்க. கடைக்காரர் சங்கத்தோட இருந்து, அனுமதி எடுத்து ஒரு ஞாயிறு பின்னேரம் அந்த ஒரு தெருவுக்கு மட்டும் வாகனத்த மறிச்சு கடைய திறந்து வைங்க, எத்தன பேர் வந்தாங்க, அண்டைக்கு வியாபாரம் எவ்வளவுனு கடை கடையா எழுதி எடுங்க, அந்தக் கணக்கோட போய் கேளுங்க.