முருங்கைக்கீரை சாதம்: பச்சை மாறாமல், உதிரி உதிரியாக

முருங்கைக்கீரை சாதம் கெட்டுப்போவது பெரும்பாலும் ஈரத்தால்தான். கீரையில் தண்ணீர் தங்கினாலும், சோற்றில் ஆவி அடங்காவிட்டாலும் கிளறும்போது களியாகிவிடும். சோறு, பொடி, கீரை மூன்றும் தயாரான பிறகே தாளிக்க ஆரம்பியுங்கள்.

இரண்டு பேருக்கு 200 மில்லி டம்ளரில் 1 டம்ளர் பொன்னி பச்சரிசி, உருவிய கீரை அழுத்தாமல் 2 டம்ளர். வாணலியில் விழுந்ததும் கீரை கால்வாசியாகச் சுருங்கிவிடும், அதனால் அளவைக் குறைக்க வேண்டாம்.

கீரை ஆய்வதற்குத்தான் பொறுமை வேண்டும். முதல் நாள் இரவே கொத்தைத் துணியில் இறுக்கிச் சுற்றி வைத்தால், காலையில் உதறும்போதே பாதி இலை தானாக உதிரும். மெல்லிய காம்பையும் விடாமல் கிள்ளுங்கள். அது எவ்வளவு வதக்கினாலும் நார் நாராகப் பல்லில் சிக்கும். பழுத்த இலை கசக்கும், தள்ளிவிடுங்கள். இலையை இரண்டு முறை அலசி, வடிதட்டில் போட்டு, பிறகு துணியில் அரை மணி நேரம் பரப்புங்கள்.

அரிசியை 20 நிமிடம் ஊறவைத்து, 2 டம்ளர் தண்ணீரில் குக்கரில் 2 விசில். அகலத் தட்டில் கொட்டி, 1 டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது கிளறினால் பருக்கை உடையும்.

பொடிக்குக் கடலைப்பருப்பு 1 டேபிள்ஸ்பூன், உளுத்தம்பருப்பு 1 டேபிள்ஸ்பூன், காய்ந்த மிளகாய் 3, மிளகு அரை டீஸ்பூன். எண்ணெய் இல்லாமல் சிறு தீயில் பருப்பு பொன்னிறமாகும்வரை வறுத்து, ஆறியதும் கொரகொரவென்று அரையுங்கள். கீரையில் மிச்சமிருக்கும் ஈரத்தை இந்தப் பொடி இழுத்துக்கொள்ளும். நைஸாக அரைத்தால் மாவு போல ஒட்டிக்கொள்ளும்.

அகலமான இரும்பு வாணலியில் நல்லெண்ணெய் 2 டேபிள்ஸ்பூன் காய்ந்ததும் கடுகு, 1 டீஸ்பூன் உளுத்தம்பருப்பு, ஒரு சிட்டிகை பெருங்காயம் போட்டுத் தாளியுங்கள். தட்டிய பூண்டு 4 பல், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் 10 சேர்த்து, வெங்காயம் கண்ணாடி போல ஆகும்வரை வதக்குங்கள். பூண்டு கருகினால் அந்தக் கசப்பு கீரையோடு சேர்ந்து இரட்டிப்பாகும்.

இப்போது கீரை. நடுத்தரத் தீ, மூடி வேண்டாம். மூடினால் வேகும் இலையிலிருந்து கிளம்பும் புளிப்பு ஆவி வெளியே போக வழியின்றிக் கீரையிலேயே இறங்கும்; பச்சை மங்கிப் பழுப்பாவது அதனால்தான். கரண்டியின் தலையால் அழுத்திக் கிளறினால் கீரை உருண்டை பிடித்துக்கொள்ளும். கரண்டியைத் திருப்பிப் பிடித்து, காம்பால் கோதிவிடுங்கள். இளம் இலைக்கு 5 நிமிடம், முற்றிய இலைக்கு 8 நிமிடம் ஆகும். முற்றிய இலை வேகாமலே காய்வதாகத் தெரிந்தால் 2 டேபிள்ஸ்பூன் தண்ணீர் தெளிக்கலாம். ஓர் இலையை விரலில் நசுக்கிப் பாருங்கள். தடையில்லாமல் மசிந்தால் வெந்துவிட்டது. உப்பைக் கீரை சுருங்கிய பிறகு போடுங்கள். முதலிலேயே குவியலைப் பார்த்துப் போட்டால் கட்டாயம் கரிக்கும்.

பொடியைத் தூவி அரை நிமிடம் பிரட்டி, சோற்றைக் கொட்டி, அதற்கான உப்பையும் தூவி, அடியிலிருந்து மேலாக நாலைந்து முறை புரட்டினால் போதும். விருப்பமிருந்தால் துருவிய தேங்காய் 2 டேபிள்ஸ்பூன். டிபன் பாக்ஸுக்கு என்றால் தேங்காயைத் தவிர்த்துவிடுங்கள், வெயிலில் சீக்கிரம் ஊசிவிடும்.

எலுமிச்சையை வாணலியில் பிழிய வேண்டாம், புளிப்பு பட்டதும் கீரை நிறம் மாறும். ஆனால் கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு நன்றாக உறிஞ்ச எலுமிச்சையின் வைட்டமின் சி உதவும். அதனால் தட்டில் ஓரமாக ஒரு துண்டு வைத்து, சாப்பிடும்போது பிழிந்துகொள்ளுங்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட அப்பளம் போதும்.