பாரிஸ் டிக்கெட்டில் பயண நேரம் பார்ப்பது எப்படி?

போகும்போதும் திரும்பும்போதும் டிக்கெட்டில் தெரியும் ஏறும், இறங்கும் நேர இடைவெளிகளைக் கூட்டிப் பாதியாக்குங்கள். பறக்கும் நேரத்தின் சராசரி கிடைத்துவிடும். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். சென்னையில் நள்ளிரவு 1 மணிக்கு ஏறி பாரிஸில் காலை 8-க்கு இறங்கினால் 7 மணி நேரம்போலத் தோன்றும். அங்கே காலை 10-க்கு ஏறி இங்கே இரவு 11-க்கு இறங்கினால் 13. மொத்தம் 20, பாதி 10. சுமார் 8,000 கி.மீ.க்கு நம்பக்கூடிய கணக்கு. ஒரு பக்கம் குறையும் மணி வித்தியாசம் மறுபக்கம் கூடி நேராகிவிடுகிறது.

துபாய், தோஹாவில் விமானம் மாறினால் காத்திருப்பும் சேர்ந்துவிடும். மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் ஐரோப்பாவில் கடிகாரம் மாறும்; பயணம் அதைத் தாண்டினாலும் கணக்கு பிசகும். புதுச்சேரியிலிருந்து மீனம்பாக்கம் போகும் 3 மணி நேரம் தனி.