ராட்சத நத்தையோடு ஒரு மழைக்காலம்

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கியதும் மார்த்தாண்டம் பக்கத்து எங்கள் வீட்டு மதிலில் ஆப்பிரிக்க நத்தை ஏறத் தொடங்கிவிடும். 1847-இல் கல்கத்தாவுக்கு வந்த சாதி. இப்போது என் மரச்சீனி (மரவள்ளி)த் தண்டையும் வாழைக்கன்றையும் தின்கிறது.

பகலில் தேடுவது வீண். சாயங்காலம் பழைய சாக்கை நனைத்து, உள்ளே பப்பாளி இலையும் முட்டைக்கோஸ் தோலும் வைத்து வாழை மூட்டில் போடுங்கள். இரவு எட்டு மணிக்கு டார்ச்சோடு போய்ச் சாக்கைப் புரட்டினால் கூட்டமாக ஒட்டியிருக்கும்.

வெறுங்கையால் தொடாதீர்கள். அதன் வழுவழுப்பில் மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் புழு இருக்கலாம். நான் கையுறை போட்டுச் சிரட்டையால் தள்ளி, வாளியில் கெட்டியான உப்புத் தண்ணீரில் போடுவேன். விடியும் முன்பே செத்துவிடும். பிறகு ஆழமாகக் குழி வெட்டி மூடுகிறேன். தோட்டத்து மண்ணில் உப்பைத் தூவாதீர்கள். நான் ஒருதடவை தூவி, கறிவேப்பிலைச் செடியைத்தான் பறிகொடுத்தேன்.

முட்டைதான் முக்கியம். சருகுக் குவியலுக்கு அடியில் பொலபொலப்பான மண்ணைக் கிளறுங்கள். ஊறிய சவ்வரிசி போல, லேசான மஞ்சளில் நூற்றுக்கணக்கில் கிடக்கும். அதையும் அதே வாளியில் போடுங்கள். கோடையில் நத்தை ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கும். கல்லிடுக்கில் தட்டுப்பட்டால் செத்ததென்று விட்டுவிடாதீர்கள்.

கீரையை நன்றாகக் கழுவி, வேகவைத்தே சாப்பிடுங்கள். பிள்ளைகள் ஓட்டைப் பொறுக்கி விளையாட வருவார்கள், அதட்டித்தான் ஆகணும்.