கந்தோரிலிருந்து வரும் ஆங்கிலக் கட்டளையை வாசிக்கும் முறை

அரச கந்தோரிலிருந்து (அலுவலகத்திலிருந்து) பதிவுத் தபாலில் ஆங்கிலக் கடிதம் ஒன்று வந்துவிட்டால், அதை கிராம அலுவலரான விதானையாரிடமோ ஊரிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியரிடமோ கொண்டுபோய்க் கொடுத்து, "இதில் என்னதான் இருக்கிறது?" என்று கேட்பது கிழக்கிலங்கையில் எங்கள் பக்கத்து வழக்கம். களுவாஞ்சிகுடியிலும் கல்முனையிலும் பலருக்கு இப்படிக் கடிதம் வாசித்துக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அக்கடிதத்தில் உள்ள எல்லாச் சொற்களும் விளங்க வேண்டியதில்லை. யார் கட்டளையிடுகிறார், எவ்வளவு கட்டாயம், எந்தத் திகதிக்குள் என்ற மூன்றையும் காட்டும் சில சொற்களைத் தெரிந்துகொண்டாலே போதும்.

முதலில் வினைச்சொல்லைத் தேட வேண்டும். "யூ ஆர் ஹியர்பை" என்று தொடங்கும் வாக்கியம்தான் கடிதத்தின் உயிர். ஹியர்பை என்பதற்கு "இத்தால்" என்று பொருள். அதை அடுத்து "இன்ஃபோர்ம்ட்" என்று வந்தால் உங்களுக்கு ஒரு செய்தி அறிவிக்கப்படுகிறது; நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாதிருக்கலாம். "டிரெக்டட்" என்றால் பணிக்கப்படுகிறீர்கள். "ரிக்வயர்ட்" என்றால் சட்டமோ ஒழுங்குவிதியோ உங்களிடம் அதை வேண்டி நிற்கிறது என்று பொருள். "ஓடர்ட்" என்ற சொல்லைப் பெரும்பாலும் நீதிமன்றத் தாளில்தான் காண்பீர்கள். சிக்கலானவை "ரிக்வெஸ்டட்", "அட்வைஸ்ட்" ஆகிய இரண்டும். அகராதியில் முன்னது வேண்டுகோள், பின்னது ஆலோசனை. கந்தோர் ஆங்கிலத்தில் இரண்டுமே மரியாதை பூசிய கட்டளைகள்.

இதை நான் பிழைவிட்டே கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன்னர், காணிப் பிணக்கு ஒன்று தொடர்பாக விசாரணைக்கு வருமாறு ஒரு கந்தோர் அனுப்பிய கடிதத்தை முதியவர் ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். "ரிக்வெஸ்டட்" என்றிருந்ததை "கேட்டுக்கொள்கிறார்கள்" என்று வாசித்துச் சொன்னேன். அது அறுவடைக் காலம். கேட்டுத்தானே இருக்கிறார்கள், வட்டையில் (வயல்வெளியில்) வேலை முடிந்தபின் போகலாம் என்று அவர் இருந்துவிட்டார். அவர் போனபோது விசாரணை முடிந்திருந்தது. அன்றிலிருந்து திகதியும் நேரமும் குறிக்கப்பட்ட கடிதத்தில் ரிக்வெஸ்டட் என்ற சொல்லைக் கண்டால், "கட்டாயம் வரச் சொல்லியிருக்கிறார்கள்" என்றே சொல்கிறேன்.

அடுத்துப் பார்க்க வேண்டியவை "ஷல்", "மே" என்னும் இரண்டு சிறு சொற்கள். பள்ளிக்கூடத்தில் ஷல் என்பதை எதிர்காலத்துக்குரிய சொல்லாகப் படித்தோம். சட்டத்தில் அது கட்டாயம். அதனால்தான் இலங்கைச் சட்டங்களின் தமிழ் வாசகத்தில் "சமர்ப்பித்தல் வேண்டும்", "செலுத்துதல் வேண்டும்" என்று எழுதுகிறார்கள். மே என்பது "லாம்". செய்வதும் விடுவதும் அந்த அதிகாரியின் தற்றுணிபு. ஆனால் அதனோடு "நொட்" சேர்ந்துவிட்டால் தற்றுணிபு என்ற பேச்சே இல்லை. காணி அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளில் "மே நொட்" என்று இருந்தால், செய்யாமலும் விடலாம் என்று வாசிக்கக் கூடாது. செய்யவே கூடாது என்று வாசிக்க வேண்டும்.

காலத்தைக் குறிக்கும் சொற்களை விரல்விட்டு எண்ணிப் பார்க்க வேண்டும். "ஒன் ஓர் பிஃபோர்" 15ஆந் திகதி என்றால் 15ஆந் திகதியும் உங்களுக்கு உண்டு. வெறும் "பிஃபோர்" என்றால் 14ஆந் திகதியோடு சரி. 14 நாட்களுக்குள் என்று இருந்தால், அது கடிதத் திகதியிலிருந்தா, கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்தா என்று பார்க்கவும்: "டேட் ஹியரொஃப்" முன்னதையும் "டேட் ஒஃப் ரிசீப்ட்" பின்னதையும் குறிக்கும். "ஃபோர்த்வித்" என்றால் உடனடியாக. "அன்டில் ஃபேர்தர் நோட்டிஸ்" என்பது மறு அறிவித்தல் வரும்வரை. பெரும்போக (மாரிகால நெற்செய்கை) ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானித்த நீர் விநியோகத் திகதி இவ்வாறு பிற்போடப்பட்டால், புதிய திகதி அறிவிக்கப்படும் வரை விதைப்பைத் தொடங்காதிருப்பது நல்லது.

ஆணைகளின் பெயர்களில் நம்மவர்களைக் குழப்புவது "ஓடினன்ஸ்". தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அது அவசரச் சட்டம். நமக்குக் கட்டளைச் சட்டம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், 1946ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் போன்றவை சுதந்திரத்துக்கு முன்னர் ஆக்கப்பட்டவை. இன்றும் வயலும் வாய்க்காலும் அவற்றின் கீழ்தான். "அக்ட்" சட்டம், "ரெகுலேஷன்" ஒழுங்குவிதி, "பை-லோ" துணைவிதி, மாகாண சபை ஆக்குகின்ற "ஸ்டட்யூட்" நியதிச் சட்டம். "சேர்க்குலர்" என்னும் சுற்றறிக்கை அரச உத்தியோகத்தருக்கு இடப்படும் அறிவுறுத்தலே. உங்கள் மனுவை அதைக் காட்டி மறுத்தால், அதன் இலக்கத்தையும் ஆண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீதிமன்றத்திலிருந்து வரும் "சமன்ஸ்" அழைப்பாணை, "வொரன்ட்" பிடியாணை. இவற்றைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"குவிட் நோட்டிஸ்" என்று தலைப்பிட்ட தாள் வந்தால் மட்டும் வேறெதையும் யோசிக்காமல் அன்றைக்கே சட்டத்தரணியிடம் போக வேண்டும். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறுதல்) சட்டத்தின் கீழ் வெளியிடப்படும் இவ்வறிவித்தல், காணியை விட்டு வெளியேறுவதற்குக் குறைந்தது 30 நாட்கள் தரும். அதற்குள் வெளியேறாவிட்டால் விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே எத்தனை ஆண்டு குடியிருந்தோம், எத்தனை தென்னை நட்டோம் என்பவை எடுபடா. அரசு தந்த செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ வேறு எழுத்துமூல அதிகாரமோ உண்டா என்பதே கேள்வி.

"சாங்ஷன்" என்ற சொல்லுக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும். லீவு சாங்ஷன் ஆனது என்றால் அனுமதி. ஒரு நாட்டின் மீது சாங்ஷன் என்றால் தடை. நம் "உத்தரவு" மட்டும் என்னவாம்? மேலதிகாரி இடுவதும் உத்தரவு, விருந்தாளி விடைபெறக் கேட்பதும் உத்தரவு.

பதிலை ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்ற கட்டாயமில்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. ஆங்கிலம் இணைப்பு மொழி. எனவே தமிழிலேயே எழுதி, வந்த கடிதத்தின் தமிழ் மொழிபெயர்ப்பையும் அதே பதிலில் கோரலாம். எழுதும்போது அவர்களின் கடிதத்தில் "மை நம்பர்" என்றிருக்கும் கோவை (ஃபைல்) இலக்கத்தை உங்கள் பதிலில் "உமது இல." என்ற இடத்தில் மாற்றிப் போடவும், அது இல்லாத கடிதம் உரிய கோவைக்குப் போய்ச் சேராமல் ஏதாவதொரு மேசையில் தங்கிவிடும். கடிதம் வந்த உறையையும் எறிந்துவிடாமல் கடிதத்தோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். பிந்திக் கிடைத்தது என்று சொல்ல நேர்ந்தால், காட்டுவதற்கு உறையில் தபாற்கந்தோர் குத்திய திகதி முத்திரை இருக்கும்.