மணற்கல்லு சிமெண்ட் பத்தி எழுதும்போது பண்ணக்கூடாத தப்புகள்

மணற்கல்லுல மணலுக்கு நடுவுல படிஞ்சு அத ஒட்ட வெக்கற மினரலத்தான் இங்க சிமெண்ட்ங்கறோம். பாறைய மெல்லிசா சீவின தின் செக்‌ஷன்ல பாயிண்ட் கவுண்ட் (மைக்ரோஸ்கோப்ல புள்ளி புள்ளியா எண்ணறது) பண்ணிட்டு "சிமெண்ட் 12%"னு ஒரே நம்பரா போட்டுட்டுப் போயிடறாங்க. எந்த மினரல், எங்க உக்காந்திருக்கு, எப்ப வந்துச்சுன்னு சொல்லாத வரைக்கும் அந்த 12 ஒண்ணுத்துக்கும் உதவாது.

குவார்ட்ஸ எடுத்துக்கோங்க. புதுசா சிமெண்ட்டா வளர்றது பழைய மணலோட படிக அமைப்பையே பிடிச்சுக்கிட்டு வளருது, அதனால மைக்ரோஸ்கோப் மேடையத் திருப்பினா ரெண்டும் ஒண்ணாவே இருட்டாகும், நடுவுல தூசிக் கோடு இருந்தா பொழைச்சோம், இல்லேன்னா சிமெண்ட்டையும் மணல் கணக்குல சேத்துட்டு "செம அழுத்தம், நசுங்கி ஒட்டிக்கிச்சு"ன்னு எழுதிடுவாங்க. கேத்தடோலுமினசன்ஸ்ல (எலக்ட்ரான் பட்டு மினரல் ஒளிர்றத பாக்கற முறை) பாத்தா பெரும்பாலும் ரெண்டும் தனித்தனியா தெரிஞ்சிடும்.

சிலிக்கா எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா "ஆழத்துலேர்ந்து சூடான தண்ணி கொண்டாந்துச்சு"ங்கறது ரெடிமேட் பதில். சிலிக்கா தண்ணில கரையறதே ரொம்ப கம்மி, அவ்ளோ தண்ணிக்கு எங்க போறது? பெரும்பாலும் பக்கத்துலயே, மைக்காவும் களிமண்ணும் உரசற எடத்துல மணல் கரைஞ்சு கொஞ்சம் தள்ளிப் போய் படியுது, அதுவும் சுமார் 70-80 டிகிரி செல்சியஸுக்கு மேலதான் வேகம் பிடிக்கும். அதனால எல்லா பேசினுக்கும் (படிவுகள் சேர்ந்த பள்ளம்) ஒரே ஆழத்த எல்லையா வெக்காதீங்க, அங்க எவ்ளோ சூடுன்னு பாருங்க.

களிமண்ணுன்னாலே கெட்டதுன்னு நினைக்கறதும் தப்பு. நார்வே கடல்ல மணல் மேல மெல்லிசா குளோரைட்ங்கற களிமண் மினரல் படிஞ்சிருக்கற எடத்துல குவார்ட்ஸுக்கு ஒட்ட எடமே கிடைக்கல, 4 கி.மீ. ஆழத்துலயும் 20% போரோசிட்டி (துளை இடம்) மிச்சமிருக்கு! ஆனா இரும்பு உள்ள குளோரைட்டுங்கறதால எண்ணெய்க் கிணத்துல சும்மா ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டா இரும்பு கூழாப் படிஞ்சு துளைய அடைச்சுக்கும், அது தனித் தலைவலி.

இல்லைட்ங்கற களிமண் மினரல் இதுக்கு நேர் எதிர். துளைக்கு குறுக்க நூலாம்படை மாதிரி இழை ஓட்டும், அளவு கொஞ்சம்தான், பெர்மியபிலிட்டி (எண்ணெய பாய விடற தன்மை) படுத்துடும். இந்தப் பாறையோட கோர் (கிணத்துலேர்ந்து உருளையா எடுத்த துண்டு) எடுத்து சாதா ஓவன்ல காய வெச்சீங்கன்னா தண்ணி போகும்போது இழையெல்லாம் சுவரோட படிஞ்சுக்கும், லேப்ல நம்பர் ஜம்முனு வரும், கிணத்துல வராது. வட கடல் ஃபீல்டுகள்ல பாத்த விஷயம்தான் இது, அதுக்குத்தான் கிரிட்டிக்கல் பாயிண்ட் ட்ரையிங், அதாவது இழை சுவரோட படியாம காய வெக்கற முறை.

கால்சைட்ங்கற சுண்ணாம்பு மினரல்ல மணல் ஒண்ணையொண்ணு தொடாம மிதக்கற மாதிரி இருந்தா, புதைஞ்சு இறுகறதுக்கு முன்னாடியே வந்த சிமெண்ட்டா இருக்கும். லாக்ல (கிணத்துக்குள்ள கருவி இறக்கி எடுத்த பதிவு) டென்சிட்டி சட்டுனு எகிறற எடத்தையெல்லாம் கிணத்துக்கு கிணறு கோடு போட்டு இணைச்சு, எண்ணெய் ஓட்டத்துக்கு "தடுப்புச் சுவர்"னு சொல்லிடாதீங்க. இங்கிலாந்து டார்செட்ல வெஸ்ட் பே செங்குத்துப் பாறைல பிரிட்போர்ட் மணற்கல்லுல கால்சைட் பட்டைகள் துருத்திக்கிட்டு நிக்கறது கண்ணுக்கே தெரியும், தொடர்ச்சியா ஓடுதா நடுவுல அறுந்துபோகுதான்னு அங்க நடந்தே பாத்துடலாம். 10 செ.மீ. அகல கோர்ல அது தெரியவே தெரியாது, உருண்டையா இருந்தாலும் பட்டையா இருந்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். உற்பத்தி ஆரம்பிச்சப்புறம் மேலயும் கீழயும் பிரஷர் வேற வேறயா இறங்குதான்னு பாத்துட்டு அப்புறம் கோடு போடுங்க.